கிராமத்து வீடு, தோட்டம், சிறுதொழிலுக்குக் காப்பீடு எடுப்பது எப்படி: சேலம், ஏற்காடு பகுதிக்கான முழுமையான வழிகாட்டி

ஓமலூர், தாரமங்கலம் பக்கத்து உறவினர்களுக்கும், ஏற்காட்டில் சிறு தோட்டம் வைத்திருக்கும் நண்பர்களுக்கும் சில ஆண்டுகளாகக் காப்பீட்டுப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தும், சேதம் ஏற்பட்டபின் மனு எழுதிக் கொடுத்தும் வருகிறேன். இழப்பீடு மறுக்கப்பட்ட கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தபோது, பெரும்பாலானவற்றில் தவறு படிவம் நிரப்பிய நாளிலேயே நடந்திருந்தது தெரிந்தது. ஆகவே பாலிசியின் பெயர்களில் தொடங்காமல், அதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளிலிருந்து தொடங்குகிறேன். படிகளின் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படியில் எழுதிவைத்த விவரத்தைக் கேட்கும்.

1. ஒரு நோட்டில் சொத்துக் கணக்கு எழுதுதல்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். பக்கத்தை நான்கு பத்தியாகப் பிரித்து, பொருள் என்ன, யார் பெயரில் இருக்கிறது, எதற்குப் பயன்படுகிறது, இன்று புதிதாகக் கட்டவோ வாங்கவோ எவ்வளவு ஆகும் என்று எழுதுங்கள். வீடு, மாட்டுக்கொட்டகை, கிணற்று மோட்டார், தறி, கடைச் சரக்கு, களத்தில் காயும் மஞ்சள், தென்னை, மாடு என எதையும் விடாதீர்கள்.

இரண்டாவது பத்தியையும் மூன்றாவது பத்தியையும்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். காப்பீட்டு நிறுவனம் பொருளின் விலையைப் பார்ப்பதற்கு முன், அந்தப் பொருளில் உங்களுக்கு உரிமை உண்டா, நீங்கள் சொன்ன பயன்பாட்டில்தான் அது இருந்ததா என்பதையே பார்க்கும். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது, தறி மகன் பெயரில் வாங்கிய கடனில் வந்தது, பாவு நூல் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) முதலாளியுடையது என்பது போன்ற விவரங்கள் இங்கேயே எழுத்தில் வந்துவிட வேண்டும்.

எழுதி முடித்த அன்றே ஒவ்வொரு பொருளையும் கைப்பேசியில் படம் எடுத்து, குடும்பத்தில் இன்னொருவர் கைப்பேசிக்கும் அனுப்பிவிடுங்கள். வெள்ளத்தில் வீடு மூழ்கினால் நோட்டும் சேர்ந்தே மூழ்கும்.

2. உங்கள் இடத்துக்கு வரக்கூடிய ஆபத்தை எழுதுதல்

ஒரே மாவட்டம் என்றாலும் ஆபத்து ஊருக்கு ஊர் வேறுபடும். திருமணிமுத்தாறு, சரபங்கா, வசிஷ்ட நதி ஆகியவற்றின் கரையோரத்தில் இருப்பவர்களுக்கு வெள்ளம்தான் முதல் கவலை. ஆத்தூர், கெங்கவல்லி பக்கத்து வாழைத் தோட்டக்காரர்கள் சித்திரை, வைகாசிச் சூறைக்காற்றுக்கு அஞ்ச வேண்டும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைமேல் மண்சரிவும் பாறை உருளுவதும் உண்மையான ஆபத்து. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை இப்பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தறிக்கூடத்திலும் பஞ்சுக் கிடங்கிலும் மின்கசிவுத் தீயே முதல் எதிரி.

உங்கள் சொத்துக்குப் பொருந்தும் மூன்று ஆபத்துகளை மட்டும் முக்கியத்துவ வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் எந்தப் பாலிசியைக் கையில் எடுத்தாலும் அந்த மூன்றும் அதில் இருக்கின்றனவா என்பதே உங்கள் முதல் கேள்வி. முகவர் இருபது நன்மைகளைச் சொல்லும்போது நமக்கு வேண்டியது எது என்பது மறந்துபோகும் என்பதால்தான் இதை முன்கூட்டியே எழுதச் சொல்கிறேன்.

3. ஏற்கெனவே என்ன காப்பீடு இருக்கிறது என்று பார்த்தல்

“பேங்கில் வருஷா வருஷம் இன்சூரன்ஸ் பணம் பிடிக்கிறாங்க, வீட்டுக்கும் அதுலயே இருக்குதுங்க” என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். பாஸ்புக்கைத் திறந்து பார்த்தால் அது பெரும்பாலும் 20 ரூபாயாகவோ 436 ரூபாயாகவோ இருக்கும். முதலாவது பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்னும் விபத்துக் காப்பீடு. இரண்டாவது ஜீவன் ஜோதி பீமா யோஜனா என்னும் ஆயுள் காப்பீடு. இரண்டும் நல்ல திட்டங்களே, ஆனால் அவை ஆளுக்கானவை. ஓட்டுக்கும் சுவருக்கும் அவற்றில் ஒரு ரூபாய்கூட வராது.

கடன் வாங்கியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வங்கி எடுத்துக் கொடுத்த பாலிசி பல நேரம் கடன் தொகை அளவுக்கு மட்டுமே இருக்கும். சொத்தின் முழு மதிப்புக்கு இருக்காது. அதன் விளைவை 7ஆம் பகுதியில் கணக்கோடு காட்டுகிறேன். அந்தப் பாலிசியின் நகலை வங்கியில் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். அதில் வங்கியின் பெயர் இருந்தால், இழப்பீட்டுப் பணம் முதலில் கடன் கணக்குக்கே போகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

4. காகிதங்களைச் சேர்த்தல்

ஆதார், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு எண், பத்திரம் அல்லது பட்டா நகல் ஆகியவை எல்லாவற்றுக்கும் பொது. பயிருக்குச் சிட்டாவும் (நில உரிமைப் பதிவு), அந்தப் பருவத்துக்கான அடங்கல் (பயிர் விவரப் பதிவு) அல்லது கிராம நிர்வாக அலுவலரின் விதைப்புச் சான்றும் வேண்டும். குத்தகை விவசாயியும் பயிர்க் காப்பீட்டில் சேரலாம். குத்தகைக்கான சான்று மட்டும் தேவை. தொழிலுக்கு உத்யம் என்னும் சிறுதொழில் அரசுப் பதிவுச் சான்று, ஜி.எஸ்.டி. இருந்தால் அதன் சான்று, கொள்முதல் பில்கள்.

பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஆதாரில் இனிஷியல் முன்னால், பாஸ்புக்கில் பின்னால், பட்டாவில் அப்பா பெயரே முழுப்பெயராக என்று மூன்று விதமாக இருக்கும். இழப்பீடு அனுமதிக்கப்பட்ட பிறகும் பணம் கணக்கில் ஏறாமல் திரும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். கணக்கில் ஆதார் இணைப்பு செயல்பாட்டில் உள்ளதா என்பதையும் வங்கியில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

5. வீட்டுக்கான பாலிசி

2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் வழங்க வேண்டிய வீட்டுப் பாலிசி ஒன்று நடைமுறையில் உள்ளது. அதன் பெயர் பாரத் கிருஹ ரக்ஷா. தீ, இடி மின்னல், வெடிப்பு, புயல், வெள்ளம், நிலநடுக்கம், மண்சரிவு, பாறைச் சரிவு, கலவரம், தண்ணீர்த் தொட்டி வெடித்தல், வாகனம் மோதுதல் எனப் பலவும் அடிப்படையிலேயே அடக்கம். வாசகம் ஒன்றே என்பதால் நிறுவனங்களுக்கிடையே பிரீமியத்தையும், இழப்பீடு தரும் நடைமுறையையும், பக்கத்தில் கிளை இருக்கிறதா என்பதையும் ஒப்பிட்டால் போதும்.

காப்பீட்டுத் தொகையைக் கணக்கிடுவதில்தான் எல்லோரும் இடறுகிறார்கள். மனையின் விலை இதில் சேராது. வெள்ளம் வந்தாலும் மனை அங்கேயே இருக்கும். இன்று அதே வீட்டை மறுபடி கட்ட ஆகும் செலவே கணக்கு. 1,000 சதுர அடி வீடு, சதுர அடிக்குக் கட்டுமானச் செலவு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் தொகை 20 லட்சம். பத்து ஆண்டுக்கு முன் கட்டிய செலவையும் எழுதாதீர்கள், ஊரில் வீடு விலைபோகும் தொகையையும் எழுதாதீர்கள்.

வீட்டிலுள்ள சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய், தனியாகக் கேட்காமலே சேரும். மேற்சொன்ன 20 லட்ச ரூபாய் வீட்டில் அது 4 லட்சம். அதற்குமேல் சாமான் இருந்தால் பட்டியல் கொடுத்துத் தொகையைக் கூட்டிக்கொள்ளலாம். நகை போன்ற விலையுயர்ந்த பொருள்களுக்குத் தனிப் பிரிவு எடுக்க வேண்டும்.

மதில், கேட், தடுப்புச் சுவர், செப்டிக் தொட்டி, சோலார் தகடு ஆகியவை வீட்டின் பகுதியாகவே கருதப்படும் என்பது பலருக்குத் தெரியாது. மலைச்சரிவில் வீடு கட்டியவர்களுக்குத் தடுப்புச் சுவரின் செலவே சில லட்சங்கள் ஆகியிருக்கும். அதைத் தொகையில் சேர்க்காமல் விட்டுவிட்டு, சுவர் சரிந்தபின் கேட்டால் பயன் இல்லை.

இந்தப் பாலிசியில் வராதவை மூன்றை நினைவில் வையுங்கள். மழை ஒழுகுதல், சுவர் ஊறுதல் போன்ற நாள்பட்ட பழுது வராது. மண் கொட்டிச் சமன்செய்த இடத்தில் கட்டிய வீடு மெல்ல இறங்கி விரிசல் விடுவது மண்சரிவாகக் கருதப்படாது. ஏற்காட்டில் புது வீடு கட்டுபவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். திருட்டு, அடிப்படைப் பாலிசியில், தீ அல்லது வெள்ளம் போன்ற சம்பவம் நடந்து ஏழு நாட்களுக்குள் நடந்தால் மட்டுமே சேரும். வெறும் பூட்டுடைப்புத் திருட்டுக்குத் தனிக் காப்பீடு எடுக்க வேண்டும்.

ஓலைக் கூரை, தார்ப்பாய்ச் சார்ப்பு இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடலாம். மறைத்தது தெரிந்தால் ஓடு வேய்ந்த வீட்டுக்கும் சேர்த்துச் சிக்கல் வரும். பல மாதம் பூட்டிக் கிடக்கும் எஸ்டேட் வீடு என்றால் அதையும் முன்பே தெரிவியுங்கள்.

6. வீட்டுக்குள்ளேயே தொழில் இருந்தால்

எங்கள் பக்கத்தில் மிக அதிகமாக நடக்கும் தவறு இது என்பதால் தனியாக எழுதுகிறேன். இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம், எடப்பாடி, தாரமங்கலம் எங்கும் வீட்டின் முன்னறையில் நான்கு தறி ஓடும். பின்னறையில் குடும்பம் இருக்கும். வீட்டுப் பாலிசி குடியிருப்புக்கானது. தறியும் நூலும் நெய்த சேலையும் தொழில் சொத்துகள். அவை அதில் வராது. அறை தீப்பிடித்தால், அந்தக் கட்டடம் குடியிருப்பா பட்டறையா என்ற கேள்வியும் சேர்ந்து எழும்.

என் தாய்மாமன் வீட்டில் மூன்றாண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். விடியற்காலையில் மோட்டார் பக்கத்து வயரில் தீப்பிடித்து, ஒரு தறியும் அதன்மேல் இருந்த பாவும் கருகின. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் தெரிந்தது. பாவு உருளையில் மேல்சுற்று கரியாகவும் உள்சுற்று இன்னும் மஞ்சள் நிறமாகவும் இருந்தது. வீட்டுப் பாலிசியில் சுவருக்குப் பணம் வந்தது. தறிக்கு வரவில்லை. பாவு முதலாளி கொடுத்தது என்பதால் அந்தத் தொகையை மாமா கூலியில் கழித்துக் கொடுத்துத் தீர்க்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கும் தறிக்குமாக இரண்டு பாலிசிக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஆகியிருக்கும் பிரீமியம், அவர் அப்படிக் கழித்துக் கொடுத்த முதல் மாதத் தொகையைவிடக் குறைவு.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். குடியிருக்கும் பகுதியையும் தறிப் பகுதியையும் சதுர அடி வாரியாகப் பிரித்து எழுதுங்கள். குடியிருப்புக்கு வீட்டுப் பாலிசியும், தறிப் பகுதிக்கும் இயந்திரத்துக்கும் சரக்குக்கும் தொழில் பாலிசியும் எடுங்கள். கூலிக்கு நெய்பவராக இருந்தால், ‘பிறர் ஒப்படைத்த சரக்கு’ என்ற வரியைப் பாலிசியில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த வரி இல்லாமல் மற்றவர் நூலுக்கு நீங்கள் இழப்பீடு கேட்க முடியாது.

ஏற்காட்டில் வீட்டின் இரண்டு அறையைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுபவர்களுக்கும் இதே விதி பொருந்தும். கட்டணம் வாங்கித் தங்கவைப்பது தொழில். அதைப் படிவத்தில் சொல்லியே ஆக வேண்டும்.

7. கடை, பட்டறை, கிடங்கு

ஓரிடத்தில் உள்ள கட்டடம், இயந்திரம், சரக்கு எல்லாம் சேர்ந்து 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள தொழிலுக்குப் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. 5 கோடிக்கு மேல் 50 கோடி வரை பாரத் லகு உத்யம் சுரக்ஷா. இவையும் 2021 ஏப்ரல் முதல் ஒரே வாசகத்தில் உள்ளவை. மளிகைக் கடை, வெல்லக் கொட்டகை, கொலுசுப் பட்டறை, சிறிய ஜவ்வரிசி ஆலை ஆகிய அனைத்துக்கும் பெரும்பாலும் முதலாவது பொருந்தும்.

குறைவான தொகைக்குக் காப்பீடு எடுத்தால் என்ன ஆகும் என்பதை எல்லாக் கடைக்காரர்களுக்கும் கணக்குப் போட்டே காட்டுவேன். கடையில் உள்ள சரக்கின் மதிப்பு 20 லட்சம். வங்கிக் கடனுக்காக 8 லட்சத்துக்கு மட்டும் பாலிசி இருக்கிறது. தீயில் 5 லட்ச ரூபாய்ச் சரக்கு போய்விட்டது. 8 லட்சத்துக்குள்தானே நட்டம், முழுதும் வரும் என்று நினைப்பார்கள். வராது. மதிப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மட்டுமே காப்பீடு செய்திருப்பதால் நட்டத்திலும் ஐந்தில் இரண்டு பங்கு, அதாவது 2 லட்சம் மட்டுமே கிடைக்கும். சூக்ஷ்ம பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறைவு கண்டுகொள்ளப்படாது. அதற்கு மேல் போனால் இந்த விகிதக் கணக்குத்தான். வீட்டுப் பாலிசியில் இந்தப் பிடித்தம் கிடையாது.

சரக்கின் மதிப்பு மாதத்துக்கு மாதம் மாறும். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் துணிக்கடையிலும், மஞ்சள் அறுவடைக்குப்பின் கிடங்கிலும் இருக்கும் உச்ச அளவை எடுத்துத் தொகையை வையுங்கள்.

களத்தில் காயும் பொருளைப் பற்றியும் ஒரு சொல். ஜவ்வரிசி ஆலைக் களத்திலும், மஞ்சள் களத்திலும், ஏற்காட்டில் காபிக் களத்திலும் சரக்கில் பெரும்பகுதி வெயிலில்தான் கிடக்கும். கட்டடத்துக்குள் உள்ள சரக்கு என்று எழுதிய பாலிசி அதற்குப் பொருந்தாது. திறந்தவெளிச் சரக்கு என்று தனியே தொகை குறிப்பிட்டு எழுத வேண்டும்.

மோட்டார் சுருள் எரிவது, மின்னழுத்த ஏற்ற இறக்கத்தில் இயந்திரம் பழுதாவது ஆகியவை தீக் காப்பீட்டில் வராது. எரிந்த அந்த இயந்திரம் விலக்கு. அதிலிருந்து தீ பரவி எரிந்த மற்ற பொருள்களே அடக்கம். இயந்திரப் பழுதுக்கும் பூட்டுடைப்புத் திருட்டுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. பூட்டுடைப்பில், வலுக்கட்டாயமாக நுழைந்த தடயம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சிறு கடைக்கு இரண்டும் சேர்ந்த கடைக்காரர் தொகுப்புப் பாலிசியைக் கேட்டுப் பாருங்கள்.

8. பயிர்க் காப்பீடு

2016 காரீஃப் பருவத்திலிருந்து நடக்கும் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி கட்டுவது காரீஃப் (தென்மேற்குப் பருவமழைக் கால) உணவு, எண்ணெய்வித்துப் பயிர்களுக்கு அதிகபட்சம் 2 சதவீதம், ராபி (குளிர்கால) பயிர்களுக்கு 1.5 சதவீதம், வணிக மற்றும் தோட்டக்கலைப் பயிர்களுக்கு 5 சதவீதம். மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. ஏக்கருக்கு எவ்வளவு தொகை என்பது பயிர்வாரியாக அறிவிக்கப்படும்; நாம் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

முதல் வேலை, உங்கள் கிராமத்துக்கோ பிர்காவுக்கோ (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) உங்கள் பயிர் அந்தப் பருவத்தில் அறிவிக்கை செய்யப்பட்டிருக்கிறதா என்று வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்பது. குச்சிக்கிழங்கும் வாழையும் மஞ்சளும் பக்கத்துப் பிர்காவில் இருப்பதால் உங்கள் பிர்காவிலும் இருக்கும் என்று எண்ணாதீர்கள். கெடு தேதியையும் அன்றே குறித்துக்கொண்டு, அதற்குப் பத்து நாள் முன்பே பொது சேவை மையத்திலோ தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ வங்கியிலோ பதியுங்கள். கடைசி நாளில் இணையதளம் திணறும். நான் வரிசையில் நின்று பார்த்தவன்.

இரண்டாவதாக, இழப்பீடு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான இழப்பீடு உங்கள் வயலைப் பார்த்து வருவதில்லை. அறிவிக்கப்பட்ட பகுதியில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்தி, அங்கே வந்த சராசரி மகசூலை, அந்தப் பயிருக்கு முன்கூட்டியே நிர்ணயித்த உத்தரவாத மகசூலோடு ஒப்பிடுவார்கள். உத்தரவாத மகசூல் 1,000 கிலோ, பரிசோதனையில் வந்தது 700 கிலோ என்றால் குறைவு 30 சதவீதம். உங்கள் காப்பீட்டுத் தொகை 30,000 ரூபாய் என்றால் 9,000 ரூபாய் வரும். உங்கள் வயலில் மட்டும் பூச்சி விழுந்து முழுதும் போயிருந்தாலும், பகுதியின் சராசரி குறையவில்லை என்றால் எதுவும் வராது. இதை முன்பே விளக்காததால்தான் ‘பிரீமியம் கட்டி ஏமாந்தோம்’ என்ற பேச்சு ஊரில் நிலைத்துவிட்டது.

தனி வயலைப் பார்த்துக் கணக்கிடும் இழப்புகளும் உண்டு. ஆலங்கட்டி மழை, மண்சரிவு, வயலில் நீர் தேங்குதல், மேகவெடிப்பு, இடி மின்னலால் தீ ஆகியவை ஒரு வகை. அறுத்து வயலில் காயப்போட்ட பயிருக்கு, அறுவடையிலிருந்து 14 நாட்களுக்குள் புயல் மழையால் வரும் சேதம் இன்னொரு வகை. இவற்றில் 72 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது கட்டாயம். 14447 என்ற எண்ணிலோ, பயிர்க் காப்பீட்டுச் செயலியிலோ, வங்கியிலோ, வேளாண் அலுவலகத்திலோ தெரிவித்து, பதிவு எண்ணை எழுதி வையுங்கள்.

முதல் பட்டியலில் சூறைக்காற்று இல்லை என்பதைக் கவனியுங்கள். வாழைத் தோட்டக்காரருக்கு இது மிகப் பெரிய இடைவெளி. ஒரே தோட்டத்தில் காற்றில் மரங்கள் சாய்ந்தால் இந்த வழியில் தனி இழப்பீடு கேட்க இயலாது. அதற்காக முட்டுக் கொடுப்பதற்கும் நடவுக் காலத்தைத் தள்ளிவைப்பதற்கும் செலவிடும் பணத்தையும் காப்பீட்டுச் செலவாகவே நான் கருதுகிறேன். காட்டெருமையும் காட்டுப்பன்றியும் மேய்ந்த சேதத்துக்கு வனத்துறையிடம் தனியாக மனுக் கொடுக்கலாம்.

பயிர்க் கடன் வாங்கியவர்களுக்கு 2020 காரீஃப் முதல் இத்திட்டம் விருப்பத்துக்குரியது. வேண்டாம் என்றால் கெடுவுக்கு ஏழு நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாவிட்டால் பிரீமியம் பிடிக்கப்படும். கடன் மனுவில் நிலக்கடலை என்று இருந்து, வயலில் மக்காச்சோளம் போட்டிருந்தால் கெடுவுக்குள் மாற்றச் சொல்லுங்கள். காகிதத்தில் ஒரு பயிர், வயலில் இன்னொரு பயிர் இருந்தால் மனு நிற்காது. ரசீதில் புல எண்ணும் உட்பிரிவும் பரப்பும் சரியாக இருக்கின்றனவா என்று மையத்தை விட்டு வெளியே வருமுன்னரே பாருங்கள்.

9. மாடு, தென்னை, பம்ப்செட்

கறவை மாட்டுக்குக் கால்நடை மருந்தகத்தில் மானியக் காப்பீடு கேளுங்கள். 2024 பிப்ரவரியில் தேசிய கால்நடை இயக்கத்தின் விதிகள் மாற்றப்பட்டபோது விவசாயியின் பங்கு பிரீமியத்தில் 15 சதவீதம் என்று குறைக்கப்பட்டது. மருத்துவர் மாட்டைப் பார்த்து மதிப்பிட்டு, காதில் எண்ணிட்ட வில்லை அடிப்பார். அந்த எண்தான் மாட்டின் அடையாளம். தொடக்கத்தில் சில நாட்களுக்கு நோயால் வரும் இறப்புக்குப் பொருந்தாத காத்திருப்புக் காலம் பாலிசியில் இருக்கும்.

என் சித்தியின் மாடு இறந்தபோது காதில் வில்லை இல்லை. ‘பத்திரமா இங்கதான் எடுத்து வெச்சிருக்கேன்’ என்று விளக்கு மாடத்திலிருந்து எடுத்துக் காட்டினார். மஞ்சள் வில்லை, எண்ணெய்க் கறையோடு, எண் நன்றாகத் தெரிந்தது. வேலியில் மாட்டி அறுந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கையில் உள்ள வில்லையால் மாடு எது என்று நிறுவ முடியாது என்று மனு மறுக்கப்பட்டது. வில்லை அறுந்தால் அன்றே எழுத்துமூலம் தெரிவித்து, புது வில்லை அடித்து, புது எண்ணைப் பாலிசியில் ஏற்றுங்கள். மாடு இறந்தால் புதைப்பதற்கு முன் தகவல், வில்லையோடு படம், மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று ஆகிய மூன்றும் முடிந்திருக்க வேண்டும்.

தென்னைக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் திட்டம் உண்டு. ஒரே தொடர்ச்சியான தோப்பில் குறைந்தது ஐந்து காய்க்கும் மரங்கள் இருக்க வேண்டும். பிரீமியத்தில் பாதியை வாரியமும் கால் பங்கை மாநில அரசும் ஏற்க, விவசாயி கால் பங்கு கட்டினால் போதும். கிணற்று மோட்டாருக்குத் தீ, திருட்டு, மின்பழுது சேர்ந்த பம்ப்செட் பாலிசி பொதுத்துறை நிறுவனங்களிடம் கிடைக்கும். மோட்டாரின் வரிசை எண்ணைப் படம் எடுத்து வையுங்கள்.

10. படிவம் நிரப்புதல், பணம் கட்டுதல்

குறைந்தது இரண்டு நிறுவனங்களிடம் எழுத்துமூலம் பிரீமியம் கேளுங்கள். 2ஆம் பகுதியில் எழுதிய மூன்று ஆபத்துகளைக் காட்டி, பாலிசி வாசகத்தில் அவை எங்கே இருக்கின்றன என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லாக ‘எல்லாம் வரும்’ என்பதை ஏற்காதீர்கள். நீங்களே ஏற்க வேண்டிய தொடக்கத் தொகை எவ்வளவு என்பதையும் கேளுங்கள்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். படிவத்தை முகவர் நிரப்பினாலும் அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் உங்கள் சொல்லாகவே கருதப்படும். நிரப்பிய படிவத்தைப் படம் எடுத்துக்கொண்ட பின்னரே கொடுங்கள்.

பணத்தை நிறுவனத்தின் கணக்குக்கே செலுத்துங்கள். பிரீமியம் நிறுவனத்துக்குச் சேரும்வரை பொறுப்பு தொடங்காது என்பது காப்பீட்டுச் சட்டத்தின் 64வி.பி. பிரிவு. முகவரின் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பிய பணம் இரண்டு நாள் தாமதித்து, அந்த இரண்டு நாளில் புயல் வந்தால் நட்டம் உங்களுடையது.

11. பாலிசி கைக்கு வந்த நாளில்

பெயர், முகவரி, கதவு எண், புல எண், பயன்பாடு, கூரை வகை, ஒவ்வொரு பிரிவின் தொகை, தொடங்கும் நாள், முடியும் நாள் ஆகியவற்றை நோட்டோடு ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் அன்றே திருத்தக் கோரி எழுதி, திருத்த இணைப்பை வாங்குங்கள். பாலிசியின் முக்கிய விவரங்களைச் சொல்லும் தகவல் தாளைத் தமிழில் கேளுங்கள். சேதத்துக்குப் பிறகு கோரும் திருத்தத்தை யாரும் ஏற்கமாட்டார்கள்.

12. சேதம் நேர்ந்தால்

முதலில் உயிர், பிறகு மீதிப் பொருள். சேதம் மேலும் பரவாமல் தடுக்க வேண்டியது உங்கள் கடமை; தார்ப்பாய் போட்ட செலவின் ரசீதையும் வையுங்கள். அன்றே நிறுவனத்துக்குத் தொலைபேசியிலும் எழுத்திலும் தெரிவியுங்கள். தீ என்றால் தீயணைப்புத் துறையின் அறிக்கை, திருட்டு என்றால் காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கை, வெள்ளம், மண்சரிவு என்றால் கிராம நிர்வாக அலுவலரின் சான்று தேவைப்படும்.

நட்டத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும்வரை இடிபாட்டை முழுதும் அகற்றாதீர்கள். மலைப்பாதை அடைபட்டு அவர் வரத் தாமதமாகும் என்றால், வழியை மறிக்கும் மண்ணை மட்டும் எடுக்க மின்னஞ்சலில் அனுமதி கேட்டு, எடுப்பதற்கு முன்னும் பின்னும் தேதியோடு படம் எடுங்கள். சர்வேயர் கேட்ட ஒவ்வொரு காகிதத்தையும் நகலில் ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். நட்டத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். ஒரு பொருளில் பொய் தெரிந்தால் முழு மனுவும் விழும்.

13. மறுத்தாலோ குறைத்தாலோ

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எந்த நிபந்தனையின் கீழ் மறுத்தார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா என்னும் புகார்த் தளத்திலும் 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். 30 நாட்களில் பதில் இல்லை என்றாலோ, பதில் ஏற்கத்தக்கதாக இல்லை என்றாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் மனுச் செய்யலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. 50 லட்ச ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் கேட்பார். பயிர்க் காப்பீட்டுப் புகார்களை மாவட்ட அளவிலான குறைதீர் குழுவிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

மனுவைப் பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் அனுப்பி, சேர்ந்ததற்கான ஒப்புதலையும் கேட்டு வாங்குங்கள். அந்த ஒப்புதல் வந்ததும், முதல் நாள் எழுதிய நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி, அனுப்பிய தேதியை மேலே எழுதிவையுங்கள். குறைதீர்ப்பாளர் அலுவலகத்தில் முதலில் கேட்கும் தேதிகளில் அதுவும் ஒன்று.